டெக்னிக்கல் செக்ஷன் வேலை மாறுவதைப் பற்றிக் கூட்டம் நடத்தச் சொல்லிவிட்டார்கள், எங்கிருந்து தொடங்குவது?

மூன்றாம்அடுக்கு எழுதியது:

வணக்கம். அடுத்த மாதம் எங்கள் நூலகத்தில் டெக்னிக்கல் செக்ஷன் (நூல்களைப் பட்டியலிட்டு அடுக்குக்குத் தயார் செய்யும் பிரிவு) ஆட்கள் பதினொரு பேரையும் உட்காரவைத்து, நம் வேலை எப்படி மாறிவிட்டது, இனி எப்படி மாறப்போகிறது என்று பேசவைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. நேரம் இரண்டு மணி. பதினொரு பேரில் மூன்று பேர் பட்டியல் அட்டையில் டைப் அடித்த காலத்திலிருந்து இருக்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்ததே மின்நூல் தொகுப்புகள் வந்த பிறகுதான், புத்தகத்தைக் கையில் வைத்துப் பட்டியலாக்கம் செய்த பழக்கம் அவர்களுக்குக் குறைவு. மற்றவர்கள் நடுவில்.

போன வருடமும் இப்படி ஒன்று நடந்தது. நாற்பது ஸ்லைடு ஓடியது. கடைசியில் ‘யாருக்காவது கேள்வி இருக்கிறதா’ என்றார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கதவைத் தாண்டி வராந்தாவுக்கு வந்ததும்தான் கூட்டமே தொடங்கியது. என் சீட்டை எடுத்துவிடுவார்களா, வெண்டர் (நூல்களை விற்பவர்) அனுப்பும் பட்டியல் ரெக்கார்டுகளில் இருக்கும் குப்பையை யார் அள்ளுவது, புதிதாக வந்தவனுக்கு மட்டும் ஏன் டிரெய்னிங் என்று அரை மணி நேரம் நின்றுகொண்டே பேசினார்கள். அந்த வராந்தாப் பேச்சு அறைக்குள் நடக்க வேண்டும். நடத்திப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அட்டைப்பெட்டி எழுதியது:

தம்பி, முதலில் ‘மாற்றம்’ என்ற சொல்லைத் தலைப்பில் போடாதீர்கள். அந்த மூன்று சீனியர்கள் பார்க்காத மாற்றமா? நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என் ஒரு சர்வீஸ் காலத்திலேயே ஏஏசிஆர்2 என்ற பட்டியலாக்க விதிகளுக்குப் பழகி, அட்டைகளைக் கணினிக்கு ஏற்றி, பிறகு அந்த விதிகளுக்குப் பதிலாக ஆர்டிஏ வந்து, தலைப்புக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் போட்டுக்கொண்டிருந்த ஊடகக் குறிப்பை எடுத்துவிட்டு 336, 337, 338 என்று எண் போட்ட மூன்று புலங்களாக (ரெக்கார்டில் ஒவ்வொரு தகவலுக்கும் உள்ள கட்டம்) நிரப்பக் கற்றுக்கொண்டோம். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஆர்டிஏக்கு மாறியது 2013 மார்ச் 31. அந்த வருடம் முழுக்க எங்கள் செக்ஷனில் சண்டைதான்.

சீனியர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘வரப்போகிறது என்று சொல்லி வராமலே போனது எது, யாரும் சொல்லாமலே வந்துவிட்டது எது?’ இதற்குப் பதில் சொல்ல அவர்களால் மட்டும்தான் முடியும், அதனால் பேசுவார்கள். பட்டியல் ரெக்கார்டைக் கணினி படிக்கும்படி எழுதும் மார்க் வடிவத்தை 1960களில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் உருவாக்கியவர் ஹென்ரியட் அவ்ரம். அவர் நூலகப் படிப்பே படிக்காத புரோகிராமர். அதற்கு மாற்றாக வரப்போவதாக பிப்ஃபிரேம் முயற்சியை அறிவித்தது 2011இல், இன்றைக்கும் நம்மில் பெரும்பாலோர் காலையில் வந்து திறப்பது மார்க் ரெக்கார்டைத்தான். மறுபக்கம் அட்டையைப் பாருங்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1901இல் அச்சிட்ட அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது, 1997இல் நிறுத்தியது. நூலகக் கூட்டமைப்பான ஓசிஎல்சி கடைசி அட்டையை அச்சடித்தது 2015 அக்டோபர் 1 அன்று. 2015 வரைக்கும் யாரோ அட்டை வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்பதே எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆக, மேலே இருப்பவர்கள் சொல்லும் வேகத்தில் எதுவும் வருவதில்லை, ஆனால் வந்தது திரும்பிப் போவதும் இல்லை. இதைச் சீனியர் வாயால் சின்னப் பையன்கள் கேட்டால் பயம் பாதி குறையும்.

பார்கோடு எழுதியது:

சார், மன்னிக்கணும், வரலாறு பேச ஆரம்பித்தால் இரண்டு மணி நேரமும் அதற்கே சரியாகிவிடும். நான் இரண்டு இடத்தில் நடத்தியிருக்கிறேன். முதல் இடத்தில் சொதப்பல். இரண்டாவது இடத்தில் ஒரே ஒரு காரியம் வித்தியாசமாகச் செய்தேன்: ஒரு ரெக்கார்டைப் பிரிண்ட் எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன்.

மின்நூல் தொகுப்போடு வந்த வெண்டர் ரெக்கார்டு அது. 020இல் அச்சுப் பதிப்பின் ஐஎஸ்பிஎன் எண், புத்தகத் தலைப்பு இருக்கும் 245 முழுக்கப் பெரிய எழுத்து, பொருள் தலைப்பு (எதைப் பற்றிய புத்தகம் என்று சொல்லும் சொல்) ஒன்றுகூட இல்லை, 856இல் இருந்த இணைப்பு நம் பிராக்ஸி (வாசகரை நூலகச் சந்தாவோடு உள்ளே விடும் சர்வர்) வழியாகப் போகாமல் நேரே பதிப்பாளர் தளத்துக்குப் போய்ப் பணம் கேட்கிறது. ‘இது உங்கள் மேஜைக்கு வந்தால் என்ன செய்வீர்கள், பேனாவால் திருத்துங்கள்’ என்றேன், அவ்வளவுதான். ஐந்து நிமிடம் அமைதி. அப்புறம் ஒரு மேடம், ‘நான் இதை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்துகிறேன், ஒரு நாளைக்கு முப்பது முடியும்’ என்றார். எதிரில் இருந்த பையன் தலையை நிமிர்த்தி, ‘மேடம், மார்க்எடிட் மென்பொருளில் போட்டால் மொத்தத் தொகுப்பும் ஒரே தட்டில் முடியுமே, நான் அப்படித்தான் செய்கிறேன்’ என்றான். ஒரே அறையில் இரண்டு வருடமாக முதுகுக்கு முதுகு உட்கார்ந்திருப்பவர்கள். அந்த மேடத்தின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை, கோபமா அவமானமா தெரியவில்லை. நல்ல வேளை, அடுத்த நிமிடமே அவர் திருப்பிக் கேட்டார்: ‘மொத்தமாகத் தட்டினால் அதில் தப்பாக மாறியது எத்தனை என்று நீ பார்த்தாயா?’ பையன் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை.

பிரிண்ட் எடுங்கள், திரையில் காட்டாதீர்கள். திரையில் காட்டினால் எல்லோரும் பார்வையாளர் ஆகிவிடுவார்கள்.

இதழ்ப்பிரிவு எழுதியது:

பார்கோடு சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு திருத்தம். ரெக்கார்டை மட்டும் கொடுத்தால் பட்டியலாக்கம் செய்பவர்கள் மட்டும்தான் பேசுவார்கள். டெக்னிக்கல் செக்ஷன் என்றாலே கேட்டலாகிங் என்று நினைக்கும் வியாதி நமக்கு உண்டு. நான் பருவ இதழ்கள் பார்க்கிறேன். முன்பு கார்டெக்ஸ் அட்டையில் இதழ் வந்த தேதியைக் குறிப்பேன், வராத இதழுக்குக் கடிதம் போடுவேன், வருடக் கடைசியில் பைண்டிங்குக்கு அனுப்புவேன். இன்று அந்த மூன்றும் கிட்டத்தட்ட இல்லை. அதற்குப் பதிலாக கேபார்ட் கோப்புகளை (பதிப்பாளர் தரும் மின்னிதழ்ப் பட்டியல்) ஒப்பிடுகிறேன், எந்த இதழ் எந்த வருடத்திலிருந்து நமக்குத் திறக்கும் என்று லிங்க் ரிசால்வரில் (வாசகரைக் கட்டுரைக்குக் கொண்டுபோகும் மென்பொருள்) சரி செய்கிறேன், ‘கவுண்டர்’ என்ற பயன்பாட்டுக் கணக்கு அறிக்கைகளை இறக்கி எந்த இதழை எத்தனை பேர் திறந்தார்கள் என்று கணக்குக் கொடுக்கிறேன், உரிம ஒப்பந்தத்தில் இன்னொரு நூலகத்துக்குக் கட்டுரை அனுப்பலாமா கூடாதா என்று தேடுகிறேன். என் பணிப்பட்டியலில் இன்னமும் ‘இதழ்களைப் பதிவு செய்தல், பைண்டிங்’ என்றுதான் இருக்கிறது.

எங்களுக்குக் கூட்டம் நடத்தியவர் ஆளுக்கு ஐந்து துண்டுச்சீட்டு கொடுத்தார். நேற்று காலை பத்திலிருந்து ஒரு மணி வரை என்ன செய்தீர்கள், ஒரு சீட்டில் ஒரு வேலை, பெயர் போட வேண்டாம். ‘உங்கள் பணி என்ன’ என்று கேட்டால் நாம் பதவிப் பெயரைச் சொல்வோம். ‘நேற்று என்ன செய்தாய்’ என்று கேட்டால்தான் உண்மை வரும். எழுத ஐந்து நிமிடம் கொடுத்தார், அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. அதனால்தான் எப்போதும் முதலில் பேசும் இரண்டு பேர் மற்றவர்களை அமுக்க முடியவில்லை. பிறகு சீட்டுகளைச் சுவரில் ஒட்டி, பணிப்பட்டியலில் இருக்கும் வேலைகள் இந்தப் பக்கம், இல்லாதவை அந்தப் பக்கம் என்று பிரித்தோம். சுவரைப் பார்த்ததும் என் பக்கத்தில் இருந்தவர் சொன்னார், ‘இதையெல்லாம் யார் செய்கிறார்கள் என்று நினைத்தார்களாம்?’

பச்சைமை எழுதியது:

எல்லாம் சரி. கசப்பாக ஒன்று சொல்கிறேன். இந்தக் கூட்டங்களில் பாதி நாடகம். முடிவு முன்பே எடுத்தாகிவிட்டது, ஊழியர்களே கேட்டு வாங்கிக்கொண்ட மாதிரி மினிட்ஸ் எழுதத்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் இடத்தில் துண்டுச்சீட்டு ஒட்டினோம், வண்ண வண்ணமாக. மூன்று வாரத்தில் பகுப்பாக்கத்துக்கு (புத்தகத்துக்கு வகுப்பு எண் போடும் வேலை) இருந்த இரண்டு பேரில் ஒருவரைக் கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள், ‘கூட்டத்தில் வெளிப்பட்ட கருத்துகளின் அடிப்படையில்’ என்று ஆர்டரில் ஒரு வரி. அதற்குப் பிறகு அங்கே யாராவது சீட்டு எழுதுவார்களா?

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2006இல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தொடர் வரிசைப் பெயர்களுக்கு அதிகாரப் பதிவு (ஒரு பெயரை எல்லோரும் ஒரே வடிவத்தில் எழுத உதவும் பதிவு) உருவாக்குவதை நிறுத்துவதாகத் திடுதிப்பென்று அறிவித்தது. அவர்கள் பதிவை நம்பி வேலை செய்துகொண்டிருந்த மற்ற நூலகத்துப் பட்டியலாளர்கள் கொதித்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு பணிக்குழு, 2007இல் பொதுக் கூட்டங்கள், 2008 ஜனவரியில் அறிக்கை. அறிக்கை நல்ல அறிக்கைதான், நான் வரி வரியாகப் படித்திருக்கிறேன். ஆனால் வெட்டிவிட்டுக் கருத்துக் கேட்டால் யார் நம்புவார்கள்?

மூன்றாம்அடுக்கு, உங்கள் இடத்தில் எது முடிவாகிவிட்டது, எது பேசித் தீர்க்க வேண்டியது என்று உங்களுக்கே தெரியுமா? தெரியாவிட்டால் கூட்டத்தைத் தள்ளிப் போடுங்கள்.

மூன்றாம்அடுக்கு எழுதியது:

பச்சைமை, நீங்கள் கேட்டது சுருக்கென்று குத்தியது, எனக்குத் தெரியாது. நேற்று போய்க் கேட்டேன். ஒரு பணியிடம் மின்வளங்கள் பக்கம் போகிறது, அது முடிவு. யாரையும் வெளியே அனுப்பும் திட்டம் இல்லை, எழுத்தில் தரச் சொன்னேன், தந்துவிட்டார்கள். அந்தப் பணியிடத்துக்கு யார் போவது, எந்த வேலையை நிறுத்துவது, வெண்டர் ரெக்கார்டை எவ்வளவு நோண்டுவது, இவை மூன்றும் திறந்த கேள்விகள்.

அடுத்த சந்தேகம்: தலைமை நூலகர் கூட்டத்தில் உட்காரலாமா?

அட்டைப்பெட்டி எழுதியது:

முதல் பத்து நிமிடம் வரட்டும். முடிவானதை அவர் வாயாலேயே சொல்லட்டும், பிறகு எழுந்து போகட்டும். முடிவானதை நீங்கள் சொன்னால் நீங்கள் அவருடைய ஆள் ஆகிவிடுவீர்கள், அப்புறம் உங்களிடம் யார் மனம் விட்டுப் பேசுவார்கள்?

பச்சைமை எழுதியது:

போனாலும் மினிட்ஸ் அவரிடம்தானே போகும். யார் என்ன சொன்னார் என்று எழுதாதீர்கள், என்ன சொல்லப்பட்டது என்று மட்டும் எழுதுங்கள். அதையும் எல்லோரும் கலைவதற்கு முன் சத்தமாக வாசித்துக் காட்டி, ‘இதில் எதை எடுக்கணும்’ என்று கேளுங்கள். எங்கள் இடத்தில் இதைச் செய்திருந்தால் அந்த ஒரு வரி ஆர்டரில் வந்திருக்காது.

லேபிள்காரன் எழுதியது:

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. பிராசஸிங் பார்க்கிறேன், அதாவது முத்திரை, லேபிள், பார்கோடு, டேக், கிழிந்தால் ஒட்டுவது. இந்த மாதிரிக் கூட்டங்களில் நான்கு முறை உட்கார்ந்திருக்கிறேன், நான்கிலும் சேர்த்து நான் பேசியது ‘சரி சார்’ மட்டும்.

இப்போது ஷெல்ஃப் ரெடி என்று வெண்டரே லேபிள் ஒட்டி, டேக் வைத்து அனுப்புகிறார்கள். பெட்டியைப் பிரித்து நேராக அடுக்குக்குக் கொண்டு போகலாம் என்றார்கள். முதல் பெட்டியைப் பிரித்ததும் பார்த்தேன், லேபிளில் மூன்று வரி வர வேண்டிய இடத்தில் இரண்டு வரிதான் இருந்தது. ஆசிரியர் குறி இருக்கிற கடைசி வரி, எழுத்தின் அளவு பெரிதாகப் போட்டதால் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. ஒரே வகுப்பு எண்ணில் பதினாறு புத்தகம், எது முன்னே எது பின்னே என்று தெரியாது. நான் சொன்னதற்கு, ‘அதெல்லாம் சிஸ்டத்தில் சரியாக இருக்கிறது’ என்றார்கள். சிஸ்டத்தில் சரியாக இருந்து என்ன செய்ய, தேடி வருகிறவர் புத்தகத்தின் முதுகைத்தானே பார்ப்பார். இரண்டு மாதம் கழித்து ஸ்டாக் சரிபார்த்தபோது ‘காணவில்லை’ பட்டியலில் வந்ததில் நிறைய அந்தப் பெட்டிப் புத்தகங்கள்.

என்னை மாதிரி ஆளைப் பேசவைக்க வேண்டுமென்றால் பதினொரு பேர் நடுவில் கேட்காதீர்கள். மூன்று நான்கு பேராகப் பிரியுங்கள். ‘எதிர்காலத்தைப் பற்றி உங்கள் கருத்து’ என்று கேட்காதீர்கள், பெட்டி வந்தால் முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேளுங்கள்.

இருநூற்றுநாற்பத்தைந்து எழுதியது:

லேபிள்காரன் அண்ணே, இந்த இழையிலேயே நல்ல பதிவு இதுதான்.

நான் சொல்ல வந்தது இரண்டு கண்ணிவெடிகளைப் பற்றி. முதலாவது, பொருள் தலைப்புச் சொற்கள். நாங்கள் கூட்டம் போட்டபோது ஒருவர், சட்டபூர்வ அனுமதியின்றிக் குடியேறியவர்களைக் குறிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வைத்திருந்த தலைப்பை எடுத்துப்போட்டார். அதை மாற்றப்போவதாக 2016இல் அறிவித்தார்கள், அமெரிக்க நாடாளுமன்றத்திலிருந்தே எதிர்ப்பு வந்தது, கடைசியில் 2021இல்தான் மாறியது. ஒரு தலைப்பை மாற்ற ஐந்து வருடம். அது முக்கியமான விஷயம்தான், இன்றைக்குப் பட்டியலாளர் வேலையில் இப்படி யோசிப்பதும் ஒரு பகுதி, மறுக்கவில்லை. ஆனால் நாற்பது நிமிடம் அரசியல் ஓடியது, எங்கள் ஆயிரத்துச் சொச்சம் ரெக்கார்டில் பழைய தலைப்பு அப்படியே கிடப்பதை யார் மாற்றுவது என்ற கேள்வி வரவே இல்லை. நடத்துகிறவர் பலகையின் ஓரத்தில் எழுதி வைத்து, ‘இதற்கு இன்னொரு நாள், இன்றைக்கு யார் மாற்றுவது என்பது மட்டும்’ என்று இழுத்துப் பிடித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, இயந்திரம். யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், ‘ஏஐ வந்துவிட்டால் நாம் எதற்கு?’ இதற்கு வாயால் பதில் சொல்லாதீர்கள், தோற்றுப் போவீர்கள். பின்லாந்து தேசிய நூலகம் உருவாக்கிய அன்னிஃப் என்ற மென்பொருள் இருக்கிறது, திறந்த மூலம், பொருள் தலைப்புகளைத் தானே பரிந்துரைக்கும். நாங்கள் அதைக் கொண்டு இருபது புத்தகத்துக்குத் தலைப்பு எடுத்தோம், அதே இருபதுக்கும் எங்கள் ஆட்கள் கொடுத்ததையும் எடுத்தோம், எது யாருடையது என்று சொல்லாமல் கலந்து கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னோம். பளு தூக்கும் கிரேன் பற்றிய ஆங்கிலப் புத்தகத்துக்குக் கொக்கு என்று ஒரு தலைப்பு வந்திருந்தது (ஆங்கிலத்தில் இரண்டும் கிரேன்தான்), எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு புத்தகத்துக்கு வெறுமனே ‘வேளாண்மை’ என்று மட்டும் போட்டிருந்ததைப் பார்த்து, இதுவும் இயந்திரம்தான் என்று அடித்துச் சொன்னார் ஒரு சீனியர். அது அவரே இரண்டு வருடத்துக்கு முன் போட்டது. அவர் நல்ல மனிதர், சத்தமாகச் சிரித்துவிட்டார். வேறு ஆளாக இருந்தால் கூட்டம் அங்கேயே முடிந்திருக்கும், ஆகவே யாருடையது என்பதைக் கடைசிவரை சொல்லாமல் இருப்பதே நல்லது, நாங்கள் செய்தது தப்பு.

பச்சைமை எழுதியது:

அந்த விளையாட்டு முடிந்த பிறகு என்ன கிடைத்தது?

இருநூற்றுநாற்பத்தைந்து எழுதியது:

எதை இயந்திரத்திடம் விடலாம் என்று பேச ஒரு தொடக்கம் கிடைத்தது. ஒரே பெயரில் மூன்று ஆசிரியர்கள் இருந்தால் யார் யார் என்று பிரிக்கும் வேலையை ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. தொகுப்பாக வரும் மின்நூல்களுக்குப் பரிந்துரையை எடுத்துக்கொண்டு நாம் பார்வையிட்டால் போதும் என்று முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் பயத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு வேலைப் பங்கீடு வந்தது.

மூன்றாம்அடுக்கு எழுதியது:

முடிந்தது. சொல்கிறேன்.

தலைமை நூலகர் பத்து நிமிடம் என்று வந்து இருபத்தைந்து நிமிடம் இருந்தார். எழுந்து போங்கள் என்று நான் எப்படிச் சொல்வது? ஆனால் முடிவானதைத் தெளிவாகச் சொன்னார், அந்தக் காகிதத்தையும் மேஜையில் வைத்தார். பிறகு துண்டுச்சீட்டு. மொத்தம் 47 வந்தது, அதில் 19 பணிப்பட்டியலில் எங்குமே இல்லாத வேலை. ஒரே சீட்டு நான்கு பேரிடமிருந்து வந்தது: ‘இணைப்பு திறக்கவில்லை என்று வாசகர் சொன்னதைச் சரி பார்த்தேன்.’ நான்கு பேரும் தனித்தனியாக, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், சில நாள் ஒரே இணைப்பையே சரி பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் மூன்று குழுவாகப் பிரித்து ரெக்கார்டு கொடுத்தேன். இங்கேதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. அட்டைக் காலத்து மேடம் ஒருவர், ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருக்கிறது, கணினி என்றால் ஒதுங்கிப் போகிறவர். காகிதத்தைப் பார்த்ததும் 245க்குப் பக்கத்தில் இருந்த எண்ணில் பேனாவை வைத்து, ‘இங்கே ஏன் பூஜ்யம்?’ என்றார். சின்னப் பையன்கள் இருவருக்கும் அந்த எண் எதற்கென்றே தெரியவில்லை. அவர் சொன்னார், ‘தலைப்பு தி (The) என்று தொடங்குகிறது. அட்டையை அடுக்கும்போது அதை விட்டுவிட்டு அடுத்த சொல்லில்தான் அடுக்குவோம். மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, நான்கு. இரண்டாவது குறியீட்டில் நான்கு இருக்கணும்.’ ஒரு பையன் போய்ப் பட்டியலில் தலைப்பு வாரியாகத் தேடிக் காட்டினான். அந்தத் தொகுப்பில் தி என்று தொடங்கும் அத்தனையும் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. அட்டை அடுக்கத் தெரிந்தவருக்கு ஒரு நொடி, எங்களுக்கு இரண்டு வருடமாகக் கண்ணில் படவே இல்லை. மொத்தமாக மாற்றும் கட்டளையைப் பையன் எழுதினான், எந்தெந்தச் சொல்லுக்கு எத்தனை எண் என்று மேடம் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். ஒரு சொல் தொடக்கத்தில் வந்தாலும் அது பெயரின் பகுதியாக இருந்தால் விடக்கூடாது என்று அவர் நான்கைந்து விதிவிலக்கு சொன்னார், பையன் தலையைச் சொறிந்துகொண்டே கட்டளையைத் திருத்தினான்.

முடிவு என்று பார்த்தால்: வெண்டர் ரெக்கார்டில் 300 புலத்தை (பக்க எண்ணிக்கை முதலியவை) சரி பார்ப்பதை மூன்று மாதத்துக்கு நிறுத்துகிறோம், அந்த நேரத்தில் 245இன் குறியீட்டையும் 856ஐயும் பார்க்கிறோம். இணைப்புப் புகார்கள் ஒரே இடத்துக்கு வரும். மின்வளப் பணியிடத்துக்குப் போக இன்னும் யாரும் முன்வரவில்லை. அங்கே மட்டும் அறை அமைதியாகிவிட்டது, வராந்தாவிலும் அதைப் பற்றி யாரும் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன், அதுதான் உறுத்துகிறது. பச்சைமை சொன்னபடி குறிப்பை வாசித்துக் காட்டினேன், இரண்டு வரி எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன்.

லேபிள்காரன் எழுதியது:

நல்லது. உங்கள் பிராசஸிங் ஆள் என்ன சொன்னார்?

மூன்றாம்அடுக்கு எழுதியது:

அன்றைக்கென்று பார்த்துப் பெட்டிகள் வந்துவிட்டன, இறக்கிவிட்டு வருகிறேன் என்று போனார். நாங்கள் காத்திருக்காமல் தொடங்கிவிட்டோம். அவர் வந்தபோது மினிட்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். கதவோரம் நின்று கேட்டுவிட்டு ‘சரி சார்’ என்றார். நாளைக் காலை ஐந்து துண்டுச்சீட்டோடு அவர் மேஜைக்குப் போகிறேன், உங்கள் கேள்வியைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்.